தோணிப் பயணமும் துணிவுப் பயிற்சியும்

போர் நிகழாத காலத்தில் படைவீரர்க்கு வேலை யாது என்று வினவுவோர் பலர். அணிவகுத்து நடத்தலும், படைக்கலங்களைத் துலக்கலும், குறிபார்த்துச் சுடுதலுமே அவர்தம் நாட்கடன் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். ஆயின் பல நாட்டுப் படைகளில் வேறொரு பயிற்சியும் முறையாக நடைபெற்று வருகின்றது. பத்துப் பன்னிருவர் அடங்கிய சிறு குழுவொன்று தாய்நாட்டை விட்டு அயல்நாட்டிற்குச் செல்லும். ஓரிருவர் அமரத்தக்க சிறு தோணிகளில் ஏறி, அந்நாட்டு ஆறுகளையும் கடற்கழிகளையும் பல நாள் துடுப்பிட்டுக் கடக்கும். கூடாரம், உணவு, மருந்து ஆகிய அனைத்தும் அத்தோணிகளிலேயே இருக்கும். எதிர்ப்பதற்குப் பகைவர் இல்லை; காற்றும் நீரும் களைப்புமே அவர்கள் எதிர்கொள்ளுபவை. இதனைச் சாகசப் பயிற்சி என்பர்.

இப்பயிற்சியின் நோக்கம் யாது, தோணியால் படைவீரர் கற்றது என்ன, கடலூரிலும் சிதம்பரத்திலும் பயிலும் நம் மாணாக்கர்க்கு அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். நாம் நிறுவ எண்ணும் கருத்து ஒன்றே. ஆபத்தை முன்னரே எண்ணி அளந்து, அதனூடே சென்று, சென்றவர் அனைவரும் திரும்பி வரத்தக்கவாறு தம்மைப் பழக்கிக்கொள்ளுதலே சாகசம் எனப்படும். திரும்பும் வழியை எண்ணாது செல்வதற்குத் துடுக்கு என்பதே பெயர்.

தோணியின் இயல்பு

மேனாட்டார் கேனோ என்று வழங்கும் சிறு தோணி இருவகைப்படும். வட அமெரிக்கப் பழங்குடியினர் ஆறுகளிலும் ஏரிகளிலும் செலுத்திய மேல்திறந்த தோணி ஒன்று. பனிநாட்டு இன்யூட் மக்கள் மரச்சட்டத்தின்மீதோ எலும்புச் சட்டத்தின்மீதோ கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஒருவர் இடுப்பளவு புகத்தக்க துளை மட்டும் விட்டுச் செய்த கயாக் என்னும் மூடிய தோணி மற்றொன்று. 1865ஆம் ஆண்டில் ஜான் மெக்ரிகர் என்னும் ஸ்காட்லாந்து மரபினர் ராப் ராய் என்ற தம் சிறு தோணியில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து நூலொன்று எழுதினார். அதன் பின்னரே இத்தோணி மேனாட்டு இளைஞர்க்கு விளையாட்டுக் கருவியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மடித்துப் பையிலிட்டுப் புகைவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க துணித்தோணிகளை ஜெர்மனி நாட்டுக் கிளெப்பர் என்பார் செய்து விற்கலாயினர்.

பெரிய கப்பலில் செல்வோர் கடலை மேலிருந்து காண்பர். தோணியில் செல்வோனுக்கோ நீர்மட்டம் இடுப்பளவினதே. அவன் அசைந்தால் தோணி அசையும். அவன் அஞ்சி ஒருபுறம் சாய்ந்தால் தோணி கவிழும். இருவர் அமர்ந்த தோணியில் ஒருவர் துடுப்பு மற்றவர் துடுப்போடு இசையாவிடின் தோணி நேரே செல்லாது. தலைவனும் தொண்டனும் ஒரே தாளத்தில் உழைத்தாக வேண்டும். ஒருவனுடைய பொறுமையும் அவன் தோழனுடைய நம்பகமும் எத்தகையன என்பதைத் தோணி ஒரு நாளில் காட்டிவிடும். படைத்தலைவர் இச்சிறு கலத்தைப் பயிற்சிக்குத் தெரிந்தெடுத்ததன் காரணம் இதுவே.

போரில் தோணி

இரண்டாம் உலகப் போரில் தோணியின் வலிமையையும் அதன் விலையையும் உலகம் கண்டது. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் இரவு, பிரான்சு நாட்டின் ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்திற்கு அப்பால், டூனா என்னும் ஆங்கிலேய நீர்மூழ்கிக் கப்பலினின்று ஐந்து தோணிகள் கடலில் இறக்கப்பட்டன. ஆறாவது தோணி வெளியே எடுக்கும்போதே கிழிந்துபோயிற்று. மேஜர் ஹாஸ்லர் தலைமையில் கப்பற்படைக் காலாள்வீரர் பதின்மர் அவற்றில் ஏறினர். பகலில் நாணற்கரைகளில் ஒளிந்திருந்து, இரவில் ஏற்றநீரோடு துடுப்பிட்டு, போர்டோ துறைமுகத்தை அடைந்து, அங்கு நின்ற கப்பல்களில் வெடிகளைப் பொருத்துவதே அவர்க்கு இடப்பட்ட பணி. துறைமுகத்தை அடைந்தவை இரு தோணிகளே. அவை பொருத்திய வெடிகளால் பல கப்பல்கள் பழுதுற்றன. ஆனால் சென்ற பதின்மருள் உயிரோடு மீண்டவர் ஹாஸ்லரும் அவர்தம் துணைவர் ஸ்பார்க்ஸும் ஆகிய இருவரே. இருவர் குளிரால் மாண்டனர். அறுவர் பகைவரிடம் சிக்கிச் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இவ்வரலாற்றைப் படிக்கும் இளைஞர் வியப்பை மட்டும் கொண்டு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. போரில் ஒரு பணிக்காக உயிரைக் கொடுக்க வேண்டி வரலாம். அமைதிக் காலப் பயிற்சியிலோ உயிருக்கு ஈடான பணி எதுவும் இல்லை. அனைவரும் மீண்டு வருதலே அங்குப் பணியாகும். குழுத்தலைவனின் திறமை கடந்த தொலைவால் அளக்கப்படுவதன்று. புறப்பட்டபோது எண்ணிய தலைகள் கரையேறும்போது குறையாதிருத்தலே அதன் அளவுகோல்.

நம் நாட்டவர் ஆற்றியவை

நம் நாட்டிலும் இத்தகைய பயணங்கள் நிகழ்ந்துள்ளன. 1969ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியத் தரைப்படையின் லெப்டினன்ட் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக்கும், வங்காளத்துப் பினாகி ரஞ்சன் சாட்டர்ஜியும் துடுப்பால் தள்ளும் படகொன்றில் கல்கத்தாவினின்று புறப்பட்டனர். மராட்டியக் கடற்றலைவர் கானோஜி ஆங்கரேயின் பெயரைத் தாங்கிய அப்படகு, வங்கக் கடலைக் கடந்து 33 நாளில் அந்தமான் தீவுகளை அடைந்தது. அவர்கள் புறப்பட்ட பருவத்தை நோக்குக. வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைக்காலம் அஃது. துணிவுடையோரும் நாள் பார்த்தே புறப்பட்டனர் என்பது இதனால் விளங்கும்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இந்தியக் கப்பற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர், லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷியின் தலைமையில், தாரிணி என்னும் பாய்மரக் கலத்தில் கோவாவினின்று உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மீண்டனர். தென்னாப்பிரிக்காவை விட்டு வரும் வழியில் சுக்கானை இயக்கும் கருவி பழுதுற்றது. முன்னர் வகுத்த திட்டத்தில் இல்லாத மொரீஷியஸ் தீவில் அவர்கள் ஒதுங்கி, அதனைச் செப்பனிட்ட பின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர். புகழுக்கு அஞ்சி ஒதுங்காது வந்திருப்பின் முடிவு யாதாகியிருக்குமோ! பின்னர் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அதே கலத்தில் தில்னா, ரூபா என்னும் இரு பெண் அதிகாரிகள் மட்டும் புறப்பட்டு, எட்டுத் திங்களில் 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட நீர்வழியைப் பாய்வலியாலேயே கடந்து, 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தனர். இவருள் ரூபா நம் கடலூர்க்கு அண்மையதாகிய புதுச்சேரியைச் சேர்ந்தவர் என்பது நாம் மகிழ்தற்குரியது.

மீளாத நால்வர்

மறுபுறத்தையும் காண்போம். 1993ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் விரிகுடாவில், பள்ளி மாணாக்கர் எண்மரும் அவர்தம் ஆசிரியர் ஒருவரும் பயிற்றுநர் இருவரும் கயாக் தோணிகளில் ஓரூரினின்று அடுத்த ஊருக்குப் புறப்பட்டனர். தொலைவு இரண்டு மைல் அளவினதே. ஆசிரியரின் தோணி மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. அவர்க்கு உதவப் பயிற்றுநருள் ஒருவர் பின்தங்க, ஏனையோர் பிரிந்து போயினர். கரையினின்று கடல்நோக்கி வீசிய காற்று அவர்களை வெளியே தள்ளிற்று. தோணிகளில் நீர் புகாது தடுக்கும் துணிமூடி இல்லை. ஆபத்தை அறிவிக்கும் ஒளிவாணம் இல்லை. திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் கரையிலிருந்தோர் காவலர்க்கு உடனே அறிவித்திலர். குளிர்நீரில் பல மணி நேரம் கிடந்து மாணாக்கர் நால்வர் மாண்டனர். இதன் விளைவாக 1995ஆம் ஆண்டில், இளைஞர்க்குச் சாகசப் பயிற்சி தரும் நிலையங்கள் உரிமம் பெற்றே நடத்தல் வேண்டும் என்று பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

பகைவர் காவலைக் கடந்து மீண்டார் இருவர். இரண்டு மைல் செல்லப் புறப்பட்டு மீளாதார் நால்வர். தொலைவு சிறிதாயின் ஆபத்தும் சிறிதென்று கருதும் மயக்கமே இளைஞரைக் கொல்வது.

திருமறையில் அப்போஸ்தலர் நடபடிகளைப் படித்தோர்க்கும் இவ்வுண்மை புதிதன்று. பவுலடிகளைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுசென்ற நூற்றுக்கு அதிபதி, பருவம் தவறியதென்று பவுல் எச்சரித்தும் கேளாது, மாலுமியின் சொல்லையும் கப்பலுடையான் சொல்லையும் நம்பி நல்ல துறைமுகத்தை விட்டுப் புறப்படச் செய்தான். கப்பல் உடைந்தது. ஆயின் அதிலிருந்த 276 பேரும் கரையேறினர். புயலின் நடுவே அப்படைத்தலைவன் பவுலின் சொல்லுக்குச் செவிசாய்த்ததும், தப்பியோட முயன்ற மாலுமிகளின் சிறுபடகைச் சேவகர் அறுத்துவிட்டு அனைவரையும் ஒன்றாக வைத்திருந்ததும் அதற்குத் துணைபுரிந்தன. குழுவைப் பிரியவிடாமையே கடலின் முதல் விதி.

நம் கடற்கரை

இப்பாடத்தைக் கற்க நம் கடலூரினும் சிதம்பரத்தினும் தக்க இடம் அரிது. 1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் கடலூர்க்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்றலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலேயக் கடற்றலைவர் ஹியூசும் பொருதனர். போருக்கு முன் சுஃப்ரேன் கடலூர்க் கோட்டைப் படையினின்று ஏறத்தாழ 1,200 பேரைத் தம் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார். அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. அலை உடையும் இடத்தைக் கடக்க ஐரோப்பியப் படகுகளும் உதவா. ஆணி அறையாது தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகும் சலங்குமே, அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுத்தன. பீரங்கி பல சுமந்த கப்பலின் தலைவனும் கரையேற நம் பரதவரின் துடுப்பையே நம்பினான். கட்டுமரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் கட்டமரான் என வழங்குகின்றது. இந்நாளில் கட்டுமரங்கள் அருகி, நாரிழைப் படகுகள் பெருகிவிட்டன. எனினும் வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது எழும், எப்போது மாறும் என்னும் அறிவு மீனவரிடம் இன்றும் உள்ளது. விடியற்காலத்தில் நிலத்தினின்று கடல்நோக்கி வீசும் காற்றில் அவர்கள் புறப்படுவர். பின்னர்க் கடலினின்று எழும் காற்றில் திரும்புவர். முன்னது பழக்கமில்லாதவனைக் கடலுக்குள் தள்ளிவிடும். லைம் விரிகுடாவில் மாணாக்கரைக் கொண்டுபோனதும் இத்தகைய காற்றே அன்றோ?

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் உள்ளது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் தந்த தில்லைமரமும், நீருள் வேரூன்றி நிற்கும் சுரபுன்னையும் அங்கு அடர்ந்துள்ளன. அலையில்லாத அக்கால்வாய்கள் புதிதாகத் துடுப்புப் பிடிப்போர்க்கு இயற்கை அமைத்த பள்ளியாம். ஆயினும் அங்கும் ஏற்றமும் வற்றமும் உண்டு. வழிகள் ஒன்றையொன்று ஒத்திருத்தலின் வழிகாட்டியின்றிச் செல்வோர் திசை மயங்குவர். அப்பால் முகத்துவாரத்தை அடைந்தால் மணல்மேடும் உடையும் அலையும் எதிர்ப்படும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலும் இக்கரையைத் தாக்கிய வரலாற்றை நாம் மறவோம். பேரலையின்போது அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

நாம் செய்யத்தக்கவை

1948ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய மாணவர் படையின் கப்பற்பிரிவு, புதுச்சேரியினின்று காரைக்கால் வரை கடல்வழியே மாணாக்கரைப் பாய்மரப் படகுகளில் அழைத்துச் சென்றதுண்டு. நம் மாணாக்கரும் அவ்வழியிற் பயிலலாம். அங்ஙனம் பயில விழைவோர் மனத்திற் கொள்ள வேண்டியவற்றை நிரலே கூறுவோம்.

முதலாவது, நீந்தத் தெரியாதவன் தோணியில் ஏறலாகாது; தெரிந்தவனும் மிதவையுடை இன்றி ஏறலாகாது. இரண்டாவது, கவிழ்ந்த தோணியினின்று வெளிப்படவும், அதனை நிமிர்த்தி மீண்டும் ஏறவும் ஆழமில்லாத நீரிற் பலமுறை பழகுதல் வேண்டும். கவிழ்தலைக் கற்காதவன் செலுத்துதலைக் கற்றவனாகான். மூன்றாவது, செல்லும் வழியும் திரும்பும் நேரமும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். நேரம் கடப்பின் அவர் உடனே காவலர்க்கு அறிவித்தல் வேண்டும். நான்காவது, குழுவின் வேகம் அதில் மிகவும் மெலிந்தவனின் வேகமே ஆகும்; வல்லவன் முந்திச் செல்வது வீரமன்று. ஐந்தாவது, அவ்விடத்து மீனவர் ஒருவரை ஆசானாகக் கொள்க. அவர் இன்று வேண்டாம் என்றால் அதற்கு மேல் வாதம் இல்லை.

ஆண்டுதோறும் நீராடச் சென்ற கல்லூரி இளைஞர் கடலிலும் ஆற்றிலும் மாண்ட செய்தியை நாளிதழ்களிற் படித்து வருந்துகின்றோம். அவர்களிற் பலர் துணிவு இல்லாதவர் அல்லர். துணிவுக்கு ஏற்ற பயிற்சியை அவர்க்கு ஒருவரும் அளித்திலர். கடலருகே வாழ்வோரைக் கடலுக்கு அஞ்சி வீட்டினுள் இருக்கச் சொல்லுதலாற் பயனில்லை. முறையாகக் கற்பித்தலே பெரியோர் கடன். பொறுமையாகக் கற்றலே இளையோர் கடன்.

தோணியிற் கற்ற இப்பாடம் கரையிலும் பயன்படும். தேர்விலும் தொழிலிலும் இல்வாழ்க்கையிலும், புறப்படுமுன் காற்றை அறிதலும், உடன்வருவோரைப் பிரியாதிருத்தலும், வேண்டியபோது நாணாமல் திரும்புதலும் இன்றியமையாதன. கடலையும் காற்றையும் ஆளும் இறைவன் நம் இளைஞர்க்குத் துணிவையும் அதனை ஆளும் அறிவையும் ஒருங்கே அருள்வானாக!