பெட்டியில கிடக்கிற புத்தகத்துக்கு ஆர் வருவினம்?

தங்கச்சி, வெளியீட்டு விழா வடிவா முடிஞ்சுது. முதற்பிரதி வாங்கினவர் தந்த என்வலப் அச்சகக் கடனுக்கே போயிருக்கும். மிச்சப் பிரதியள் கட்டிலுக்குக் கீழ. இனி போனை எடு.

முகநூலில காசு கட்டி 'பூஸ்ட்' பண்ணாத. லைக் வரும், ஓடர் வராது. அட்டைப்படத்தையே நெடுகப் போட்டாலும் சனம் தள்ளிக்கொண்டு போகும். உள்ளுக்கை ஒரு பக்கத்தைப் போடு. காலமை வெளிச்சத்தில விறாந்தையில வைச்சு எடு, எழுத்து வாசிக்கக்கூடியதா இருக்கவேணும். பளைத் தென்னங்காணி, ஏ9 வீதி, யாழ்தேவி வாற பக்கமெண்டால் இன்னும் நல்லது. ஊரை விட்டுப் போனவை அதிலதான் நிப்பினம். இரவு ஒன்பது மணிக்குப் போடு. அப்ப லண்டனில பின்னேரம், ரொறொன்ரோவில மத்தியானத்துக்கு முன்னம்.

படத்துக்குக் கீழ விலை, தபால் செலவு, வட்ஸ்அப் இலக்கம் மூண்டும் இருக்கவேணும். "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" எண்டு எழுதாத. கேக்கக் கூச்சப்படுறவை அப்பிடியே போயிடுவினம். தபால் கந்தோரில ஒரு பிரதியை நிறுத்துக் கேட்டுப்போட்டுச் செலவைச் சொல்லு, குத்துமதிப்பாச் சொன்னால் நட்டம் உனக்குத்தான்.

வெளிநாட்டுக்கு அனுப்புற செலவு புத்தக விலையையே தாண்டும். அதனால அங்க இருக்கிறவையிட்ட வேற மாதிரிக் கேள்: "நீங்கள் படிச்ச பள்ளிக்கூட நூலகத்துக்கு ரெண்டு பிரதி வாங்கிக் குடுக்கிறியளோ?" பளை மத்திய கல்லூரியின்ரை பழைய மாணவர் எத்தினை பேர் வெளியில இருக்கினம்! குடுத்த உடனை அதிபரிட்டக் கேட்டு ஒரு படம் எடுத்து, காசு தந்தவருக்கு அனுப்பு. அடுத்த ஓடர் அவற்றை கூட்டாளியிட்ட இருந்து வரும்.

ஒரு நிமிசம் உன்ரை குரலில வாசிச்சும் அனுப்பு. வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கனபேருக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும்.

வட்ஸ்அப் குறூப்புகளில கொண்டுபோய்க் கொட்டாத, எரிச்சல்படுவினம். புரோட்காஸ்ட் லிஸ்ட் போடு. உன்ரை இலக்கத்தைச் சேமிச்சு வைச்சிருக்கிறவைக்குத்தான் அது போகும், அதால முதல்ல சேமிக்கச் சொல்லு.

வெக்கமா இருக்கோ? 1966இல 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கின எழுத்தாளர் டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத் தெருவில தானே கொண்டு திரிஞ்சு வித்தவர். நீ கதிரையில இருந்துகொண்டு விக்கப்போறாய்.

பிரதியள் முடியுற நேரம் நூலகம் நிறுவனத்துக்கு மின்வடிவில போட அனுமதி குடு. 2005இல இருந்து ஈழத்து நூல்களை இலவசமா வாசிக்க வைக்கிறாங்கள். இப்பவே குடுத்திடாத, கட்டிலுக்குக் கீழ இன்னும் கிடக்குது.