மான் வேலிக்குள் யாருக்கு இடம்?

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வாலாசாபாத் சாலை வண்டலூரை அடைகிறது. ஆலைகளின் இரைச்சல் பின்தங்க, அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் மரநிழல் தொடங்குகிறது. 1855இல் சென்னையில் தோன்றிய விலங்குக் காட்சியகம் 1985இல் இவ்விடத்திற்கு மாறியது. பரப்பு 602 ஹெக்டேர். இத்துணைப் பெரிய பூங்காவிலும் வேலியிட்ட ஒவ்வோர் அடைப்பும் அளவுக்கு உட்பட்டதே. ஆகவே, எந்த மானுக்கு இடமளிப்பது என்னும் வினா எழுகிறது.

முதலில், மான் எது என்பதையே தெளிய வேண்டும். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் கிளைத்த கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் முறுக்குக் கொம்போ உதிர்வதில்லை; அது மாட்டினத்தோடு உறவுடையது. தமிழ் இதற்குத் தனிப்பெயர் இட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. இரலை வெட்டவெளியை நாடும். கடமான் மரச்செறிவையும் சேற்றுக் குட்டையையும் நாடும். கொம்பே இல்லாத சருகுமான் இரவில் இரைதேடுவது. பகலில் வரும் பார்வையாளர் அதைக் காண்பது அரிது.

பெரும்பாலோர் விரும்புவது புள்ளிமானையே. அழகும் அமைதியும் உடையது, எளிதில் பெருகுவது. இடர்ப்பாடும் அதுவே. சில விலங்குகளிலிருந்து பெருகிய மந்தையில் நெருங்கிய உறவுகளுக்குள் இனச்சேர்க்கை நிகழ்கிறது. தீவனமும் இடமும் போதாமற் போகின்றன. புள்ளிமானைக் குறைத்து மதிப்பதாக இதனைக் கொள்ளலாகாது.

மணிப்பூரின் சங்காய் மான் வேறொரு நிலையில் உள்ளது. 1951இல் அது அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. பின்னர் லோக்தாக் ஏரியின் மிதக்கும் தாவரத் திட்டுகளில் சில எஞ்சியிருப்பது தெரியவந்தது. 1975ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கிடைத்தவை 14 மட்டுமே. கெய்புல் லம்ஜாவோ 1977இல் தேசியப் பூங்காவாயிற்று; பாதுகாப்பால் எண்ணிக்கையும் உயர்ந்தது. ஆயினும், இயற்கையில் அதற்குரிய வாழிடம் அந்த ஒரே ஏரிதான். அங்கு ஒரு கொள்ளைநோய் பரவினால், தொலைவிலுள்ள காட்சியகங்களில் வளரும் மந்தைகளே அவ்வினத்தின் மிச்சம்.

கலப்பினம் உண்டாகாமல் காப்பது இந்திய விலங்குக் காட்சியக விதிகளின் கட்டளை. துணையின்றி ஓர் உயிரை நெடுநாள் வைத்திருப்பதையும் அவை ஏற்பதில்லை. எனவே அரிய மான்களுக்கு ஓர் இணையன்று, ஒரு கூட்டமே வேண்டும். அக்கூட்டத்திற்குத் தனி அடைப்பும் வேண்டும். அந்த இடத்தைப் பெறுவதற்கு ஒரு வழி, புள்ளிமான்களில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்து, மந்தை மேலும் பெருகாமல் தடுப்பது. அவ்வாறு செய்தால் வேலியோரத்தில் காத்துநிற்கும் சிறார் காணும் புள்ளிக்குட்டிகள் குறையும்.