பதிவு எண் எங்கே?

அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போறவங்ககிட்ட சில இடங்களில் மெடிக்கல் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்பாங்க. நாம என்ன பண்றோம்? ஸ்டேஷன் பக்கத்துல கண்ணில் படுற கிளினிக்கில் நுழைஞ்சு, பி.பி. கூடப் பார்க்காம, அஞ்சு நிமிஷத்துல கையெழுத்தோட வெளியே வர்றோம். அந்தத் தாளை நம்பித்தான் நம்மை உயரமான சாரத்தில் ஏற விடுகிறார்கள். வலிப்பு வரும் ஒருவன் மேலே ஏறினால் என்ன ஆகும்னு யோசிங்க. கையெழுத்துப் போட்டவர் டாக்டர்தானா என்பதையாவது பார்க்க வேண்டாமா?

இதற்கு ரெண்டு நிமிஷம் போதும். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் பார்வைக்கு வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது எல்லாவற்றிலும் போட வேண்டும். சீலில் பெயரும் பட்டமும் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்தி, "டாக்டர், ரெஜிஸ்டர் நம்பர் போட்டுக் கொடுங்க"ன்னு கேட்கலாம். உண்மையான டாக்டர் கோபப்பட மாட்டார்.

நம்பர் கிடைத்ததும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டைத் திறங்க. இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. ஒவ்வொரு மாநில கவுன்சிலும் தனித்தனியாக எண் கொடுப்பதால், ஒரே எண் தமிழ்நாட்டிலும் இருக்கும், ஆந்திராவிலும் இருக்கும். டேட்டாபேஸ் பாடத்துல படிச்ச காம்போசிட் கீ மாதிரிதான் இது: எண்ணோடு கவுன்சில் பெயரையும் பதிவு ஆண்டையும் சேர்த்துத் தேடணும். பதிவு வந்துவிட்டது என்றதும் மூடிவிடாதீர்கள். பெயர், பட்டம், படித்த பல்கலைக்கழகம் பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறொருவரின் நிஜமான எண்ணைத் தன் போர்டில் எழுதிக்கொள்பவரை எண் மட்டும் காட்டிக்கொடுக்காது. முப்பது வயது ஆள் 1978இல் பதிவு செய்திருக்க முடியாதே!

போர்டில் 'ஆர்.எம்.பி.' என்று மட்டும் இருந்தால் உஷார். அது பட்டமே இல்லை, 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பதன் சுருக்கம். எந்தப் பதிவேட்டில் என்பதுதான் கேள்வி.

சித்தா, ஹோமியோபதி மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. முன்னே சொன்ன பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் படித்தது ஒன்று, கொடுப்பது இன்னொன்று என்றால் கதை வேறு. மும்பையில் ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சல் நோயாளிக்கு ஆங்கில மருந்து கொடுத்தார். நோயாளி 1992இல் இறந்தார். தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் பார்த்ததே கவனக்குறைவுதான் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பழைய 1956 சட்டத்தில் பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஆயிரம் ரூபாய் அவர்களுக்கு அரை நாள் வசூல்! 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சிறைக் காலத்தை அப்படியே விட்டு, அபராதத்தை 5 லட்சம் வரை உயர்த்தியது.

சந்தேகம் வந்தால் அந்தக் கிளினிக்கில் போய்ச் சண்டை போட வேண்டாம். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதுங்கள். அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம். சென்னைக்கு எழுதிட்டு காத்திருக்காதீங்க.