டிக்கெட் பணம் மட்டும் போதுமா?

கேள்வி: நகரப் பேருந்து, மெட்ரோ செலவு முழுவதையும் டிக்கெட் வசூலிலேயே எடுத்துவிட முடியாதா?

பதில்: பெரும்பாலான நகரங்களில் முடியாது. செலவுக்கு ஈடாகக் கட்டணத்தை உயர்த்தினால் வசதியுள்ளவர் சொந்த வண்டிக்கு மாறிவிடுவார், இல்லாதவர் நடப்பார். கூட்டம் குறைய, வசூலும் குறையும். ஹாங்காங் மெட்ரோ லாபம் பார்ப்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கைகொடுப்பது நிலையங்களை ஒட்டிக் கட்டி விற்கும் வீடுகளும் கடை வாடகையும்.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வேறு வழியில் போனது. 2012 மே மாதம் அங்கே ஆண்டுச் சீட்டின் விலை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாக இறங்கியது. நாளுக்கு ஒரு யூரோ. மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. சட்டைப் பையில் அட்டை இருந்தால் மெட்ரோ, டிராம், பஸ் எதிலும் ஏறலாம். பரிசோதகர் கேட்டால் எடுத்துக் காட்டினால் போதும்.

இந்த மலிவை மெச்சுவோர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அதே ஆண்டு கார் நிறுத்தும் கட்டணம் மணிக்கு 1.20 யூரோவிலிருந்து 2 யூரோவாக ஏறியது. நிறுவனங்களும் ஓர் ஊழியருக்கு வாரம் 2 யூரோ வீதம் ‘மெட்ரோ வரி’ கட்டுகின்றன. 1970இல் வந்த வரி இது. ஆட்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டல்லவா? மீதியை நகர நிர்வாகம் ஏற்கிறது.

ஆனால் 365 என்ற எண் அரசியல் அடையாளமாகிவிட, பல ஆண்டுகள் யாரும் அதைத் தொடத் துணியவில்லை. 2026 ஜனவரியில் அட்டையின் விலை ஒரேயடியாக 467 யூரோவாயிற்று. விலைவாசியோடு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் பயணிகளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.