தலைமை ஆசிரியர் தன்னையே ஆய்வு செய்திட ஓர் எக்ஸெல் பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய தலைமை ஆசிரியர்கள் பலர், அதனைச் சுற்றறிக்கைகளை டவுன்லோட் செய்திடவும், கடிதங்களை அச்சடிக்கவும் மட்டுமே பயன்படுத்துகின்றனர். தங்கள் நிர்வாகத்தைத் தாங்களே ஆய்வு செய்து பார்க்கவும் இதே கம்ப்யூட்டர் போதும். இதற்குச் செயலாய்வு என்று பெயர். கர்ட் லெவின் 1946ல் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பரவலாக்கியது. திட்டமிட்டு, செய்து பார்த்து, விளைவைக் கவனித்து, திட்டத்தைத் திருத்துவதுதான் இதன் சுருக்கம். ஸ்டீபன் கோரி 1953ல் வெளியிட்ட நூல் இதனைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. சேலத்தை அடுத்த உத்தமசோழபுரத்தில் உள்ளது போன்ற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் மூலம் இந்தச் சொல் நம் ஆசிரியர்களுக்கும் பழக்கமானதே.

ஆனால் பெரும்பாலும் நாம் ஆய்வு செய்வது மாணவர்களைத்தான், நம்மை அல்ல. ஏற்காட்டில், மலையாளி பழங்குடியினரின் சிற்றூர் ஒன்றில் உள்ள பள்ளியை எடுத்துக்கொள்வோம். காபி பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். "பிள்ளைகள் ஏன் வரவில்லை?" என்று கேட்டால், பதில் பெற்றோர் மீது போய் விழும். "பிள்ளை வராதபோது நான் என்ன செய்தேன்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வு உங்கள் நாற்காலிக்கே வந்துவிடும்.

எக்ஸெல் திறந்து, முதல் வரிசையில் தேதி, வராதவர் எண்ணிக்கை, நான் செய்தது, விளைவு என நான்கு தலைப்புகள் கொடுங்கள். தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி நிரப்பவும். செல்லுக்குள் அடுத்த வரிக்குச் செல்ல ஆல்ட் கீயுடன் என்டர் தட்டவும். அனைவரும் வந்த நாளில், மூன்றாவது கட்டத்தில் "தேவையில்லை" என்று டைப் செய்திடுங்கள். எதுவும் செய்யாத நாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவும். சமாளிப்பு எழுத வேண்டாம். இதனை யாரும் இன்ஸ்பெக்‌ஷன் செய்யப் போவதில்லை.

மாத இறுதியில் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் பில்டர் கிளிக் செய்திடவும். "நான் செய்தது" தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, பிளாங்க்ஸ் மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். நீங்கள் சும்மா இருந்த நாட்கள் வரிசையாக வந்து நிற்கும். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

அடுத்து, பைலைக் காப்பி எடுத்து, அதில் மாணவர் பெயர் எங்காவது இருந்தால் நீக்கிவிட்டு, நீங்கள் நம்பும் மற்றொரு தலைமை ஆசிரியருக்கு இமெயிலில் அனுப்புங்கள். மலையில் பக்கத்துப் பள்ளி என்பதே ஒரு குன்று தாண்டி இருக்கலாம். நேரில் பேச வாய்ப்பு குறைவு. அவர் அறிவுரை சொல்லக் கூடாது, இரண்டு கேள்விகள் மட்டுமே கேட்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப் இதற்கு ஏற்றதல்ல. அதிகாரிகளும் இருக்கும் குரூப்பில் யார் மனம் திறந்து எழுதுவார்கள்? நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பைலில் எழுதி வைத்து, சிக்னல் கிடைக்கும்போது அட்டாச் செய்து அனுப்பலாம்.

பள்ளிக் கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தினால், பைல், இன்போ, புரொடெக்ட் ஒர்க்புக் எனச் சென்று பாஸ்வேர்ட் கொடுங்கள். மறந்துவிட்டால் மைக்ரோசாப்ட் நிறுவனமும் திறந்து தர முடியாது.

அடுத்த மாதம் ஒன்றை மட்டும் மாற்றவும். ஐந்தாம் நாள் பெற்றோருக்குப் போன் செய்தவர், இரண்டாம் நாளே செய்து பார்க்கலாம். இதற்குப் புதிய பைல் வேண்டாம். கீழே உள்ள பிளஸ் அடையாளத்தைக் கிளிக் செய்து, கிடைக்கும் புதிய ஷீட்டின் டேபில் டபுள் கிளிக் செய்து, மாதத்தின் பெயரைக் கொடுத்திடவும்.