வீட்டுச் செய்தியும் ஓர் அமானிதமே!



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்போரில் பலர், ஊரையும் குடும்பத்தையும் விட்டு வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்ததும் அவர்கள் கை செல்போனைத் தேடுகிறது. பிள்ளை குர்ஆன் ஓதத் தொடங்கிய செய்தியும், தாயாரின் உடல்நிலையும், தங்கைக்கு வந்திருக்கும் சம்பந்தமும் அதில்தான் வந்து சேருகின்றன. இவை குடும்பத்தாருக்குள் இருக்கும்வரை நன்மையே. ஆனால் அடுத்த நிமிடமே அவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் ஏறி, முன்பின் அறியாதவர் பார்வைக்கும் போய்விடுகின்றனவே, ஏன்?

தன் நிலையைப் பிறரிடம் சொல்ல விரும்புவது மனித இயல்பு. தனிமையில் இருப்பவருக்கு அந்த விருப்பம் இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழக ஆய்வாளர்கள் இருவர் 2012-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்னைப் பற்றிச் சொல்வதே மூளைக்கு ஒரு வெகுமதிபோல் இன்பம் தருகிறது என்றும், கிடைக்க வேண்டிய சிறு பணத்தை விட்டுக் கொடுத்தாவது தம்மைப் பற்றிப் பேசவே மக்கள் விரும்பினர் என்றும் அதில் கண்டனர்.

இந்த இயல்பில் பாவம் ஏதுமில்லை. ஆனால் 2009-இல் பேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்த பிறகு, சொன்னதோடு மனம் அடங்குவதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணத் தொடங்கி விடுகிறது. முகஸ்துதி நுழையும் வாசல் இதுவே அல்லவா?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். நாம் வெளியிடும் செய்தி நமக்கு மட்டும் சொந்தமானதா? பேஸ்புக்கில் இருந்த ஒரு வினா-விடைச் செயலி வழியாகத் திரட்டப்பட்ட விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்குப் போன செய்தி 2018-இல் வெளிவந்தது. இந்தியாவில் அந்தச் செயலியை ஏற்றவர்கள் 335 பேர்தாம். ஆனால் அவர்களின் நட்பு வட்டத்தையும் சேர்த்து 5,62,455 பேரின் விவரங்கள் போயிருக்கக்கூடும் என்று பேஸ்புக்கே தெரிவித்தது. ஒருவர் திறந்த கதவு வழியே எத்தனை வீடுகள் திறந்து கொண்டன, பாருங்கள்!

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்கும்படி சூரத்துந் நூரில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அப்படியிருக்க, நோயாளித் தாயாரையோ பெண்மக்களையோ அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுத்து வெளியிடுவது, ஊராரை அனுமதியின்றி வீட்டுக்குள் அழைத்து வருவதைப் போன்றதே.

ரமளானில் ஒரு விதவைத் தாய்க்கு அரிசி மூட்டை கொடுக்கிறோம். அதைப் படம் பிடித்துக் குழுக்களில் அனுப்புகிறோம். அவர் மகளுடன் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அந்தப் படம் போய்ச் சேருகிறது. அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்; அந்தப் பிள்ளையின் தலைகுனிவு எப்போது தீரும்? சொல்லிக் காட்டியும் மனத்தை நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று சூரத்துல் பகரா எச்சரிப்பதை மறக்கலாமா? கணக்குக் காட்ட வேண்டுமெனில் மூட்டைகளின் படமும் எண்ணிக்கையும் போதும், முகம் வேண்டாம்.

ஆகவே, எதையும் வெளியிடுமுன் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக் கொள்வோம். இது யாருடைய செய்தி? அவர் சம்மதித்தாரா? இதை அறிய வேண்டியவர் யார்? நெருங்கிய உறவினர் மட்டும் பார்க்கும்படி ஸ்டேட்டஸை அமைத்துக் கொள்ளும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, ஆதார் எண் ஆகியவற்றைப் பொதுவில் வைக்கவே கூடாது. அவற்றைக் கொண்டு யாரேனும் ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டால், தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தொலைவில் இருக்கும் உறவுகளைச் செல்போனால் சேர்ந்து வாழ்வோம்; வீட்டாரின் மானத்தை அமானிதமாகக் காப்போம். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.