பலகைக் கணினியும் பனையேடும்

நம் முன்னோர் பனையோலையை நறுக்கிப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மையாடி ஏடாக்கினர். சிறார் மணலிலும் பின்னர்க் கற்பலகையிலும் எழுதிப் பழகினர். இக்காலத்து மாணவர் கையிற் காணப்படும் பலகையோ கல்லுமன்று, மரமுமன்று. கண்ணாடியும் உலோகமும் இயைந்தது. இதனை டேப்லெட் என்பர். தமிழிற் பலகைக் கணினி எனலாம். இஃது எத்தகையது, மாந்தர் இதனை எதன்பொருட்டுக் கொள்கின்றனர் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயிலும் யாம் இயந்திர நூலில் வல்லேம் அல்லேம். ஆயினும் ஏட்டோடு உறவுடைய பொருளாதலின் இதனைக் குறித்துப் பேச எமக்கும் உரிமையுண்டு.

பலகைக் கணினியாவது, தனி விசைப்பலகையை வேண்டாது, திரையை விரலால் தொட்டே ஏவுமாறு அமைந்த தட்டையான கணினி. கைப்பேசியினும் பெரிது; மடிக்கணினியினும் சுமத்தற்கு எளிது. இதன்கண் வியத்தற்குரியது தொடுதிரையே. கண்ணாடியின்கீழ், ஒளியைத் தடுக்காததும் மின்சாரத்தைக் கடத்துவதுமாகிய மெல்லிய படலம் கட்டங்கட்டமாக அமைக்கப்பட்டுள்ளது. நம் உடலும் மின்னைக் கடத்துவதாகலின், விரல் அணுகிய இடத்தே மின்தேக்கம் மாறுகின்றது. அம்மாற்றத்தை உள்ளிருக்கும் சில்லு நொடிக்குப் பன்முறை அளந்து, விரல் பட்ட இடத்தை உணர்ந்துகொள்கின்றது. உலர்ந்த மரக்குச்சி பட்டால் திரை வாளா கிடப்பதும், விரல் பட்டவுடன் விழிப்பதும் இதனாலேயாம்.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1972-ஆம் ஆண்டில் ஆலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், சிறுவர் கையிற் கொண்டு படிக்கவும் எழுதவும் வரையவும் தக்க கணினி ஒன்றைக் கருதி, அதற்கு டைனபுக் என்று பெயரிட்டார். கருதியவாறே அஃது உருப்பெற்றிலது. 1993-இல் ஆப்பிள் நிறுவனத்தார் நியூட்டன் என்னும் கருவியை வெளியிட்டனர். கையெழுத்தைத் தானே படித்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்ட அது, தொடக்கத்திற் பிழைபடப் படித்து நகைப்பிற்கு இடமாயிற்று, 1998-இற் கைவிடப்பட்டது. அந்நிறுவனத்தாரே 2010 ஜனவரி 27-இல் ஐபேட் என்பதனை உலகிற்குக் காட்டினர். ஏப்ரல் 3-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அது, 28 நாளில் பத்து இலட்சம் விற்றது. எழுதுகோலை விடுத்து விரலை ஏற்றமையும், எழுதுவார்க்கினும் படிப்பார்க்கும் காண்பார்க்கும் முதன்மை தந்தமையுமே அவ்வெற்றிக்குக் காரணம் என்பது எம் துணிபு.

இந்திய அரசும் 2011 அக்டோபர் 5-இல் புதுதில்லியில் ஆகாஷ் என்னும் பலகையை மாணவர்பொருட்டு வெளியிட்டது. அரசு கொடுத்த விலை ஏறத்தாழ ரூ. 2,250. நோக்கம் சாலச் சிறந்தது. ஆனால் அதன் ஏழங்குலத் திரை அழுத்தினாலன்றி உணராதது, வேகமும் குறைவு. எதிர்பார்த்த பரவல் கைகூடவில்லை. ஏழை மாணவர்க்கென்று ஆக்கும் பொருளும் ஏழைமையுற்றே இருத்தல் வேண்டுமோ?

இனிப் பயன்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்துவந்த, ஏறத்தாழ 35 பவுண்டு எடையுள்ள வரைபடப் பைக்கு மாற்றாக 2013-இல் ஐபேட் இடம்பெற்றது. மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே நின்றே குறிப்பைக் காண்கின்றனர். வாய்பேச இயலாதார் திரையிலுள்ள படத்தைத் தொட, கருவி அவர்க்காகச் சொல்லை ஒலிக்கின்றது. கண்ணொளி மங்கிய முதியோர் திருமறையின் எழுத்தைப் பருக்கச்செய்து தாமே படிக்கின்றனர். பிறரை வேண்டி நில்லாமல் ஒரு சங்கீதத்தைப் படித்து முடிப்பது அவர்க்குச் சிறிய காரியமன்று. விளையாட்டும் திரைப்படமும் பற்றி யாம் விரிக்க வேண்டா. அவை தாமே தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளும்.

எம்மனோர்க்கு மிக வேண்டுவது சுவடிப் படிப்பாம். ஓலையிற் புள்ளி குத்தின் கிழியும் என்றஞ்சி ஏடெழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாது விடுத்தனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றுபோற் கிடக்கும். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நெட்டெழுத்துக்களின் வடிவைத் திருத்தியமையை மாணவர் அறிவர். எழுதுகருவி எழுத்தையே மாற்றவல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று. பழஞ்சுவடியின் படத்தைப் பலகையில் இட்டு, இருவிரலால் அகற்றிப் பெருக்கிக் காண்பார்க்கு, ஓரிடத்துள்ள கறுப்பு எழுத்தின் சுழியோ பூச்சி அரித்த துளையோ என்பது பெரும்பாலும் தெளிவாகும். இரண்டு சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் காண்டலும் எளிது. ஓலையோ நம் கைபட்டு ஒடிவதில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் விலையின்றிக் கிடைத்தலின், சங்க நூல் முழுதும் ஒரு பலகையுள் அடங்கிவிடும்.

ஆயினும் பலகை ஏட்டினும் நிலைபேறுடையது என்று கருதற்க. நன்கு பேணிய ஓலை சில நூற்றாண்டு நிற்கும். பலகையின் மின்கலமோ சில ஆண்டுகளிலே வலியிழக்கும். மென்பொருளும் பழையதாய்ப் புதிய நூல்களைத் திறவாதொழியும். ஓலை நைந்தபோது முன்னோர் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிக் காத்தனர். இக்காலத்து அப்பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போல்வன மேற்கொண்டு, சுவடிப் படங்களைத் தம்மிடத்தே வைத்து யாவரும் காணச் செய்துள்ளன. ஆகலின் ஒருவர் பலகை பழுதுற்றாலும், மற்றொருவர் பலகையில் அதே ஏடு விரிகின்றது.